கேள்வி – பதில்: பாலியல் தொழில் சட்டத்துக்குள் வந்தால் விலை என்னவாகும்?

பாலியல் தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகளில் விலை, வருமானம், வரி தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பேச்செல்லாம் வயது வந்தவர்கள் தாங்களாக முடிவெடுத்துச் செய்யும் தொழிலைப் பற்றியது. சிறாரையும் மிரட்டி இழுத்துவரப்பட்டவர்களையும் வைத்து நடப்பது எந்தச் சட்டத்தின் கீழும் குற்றம். அங்கே விலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: நேரடியாகவே கேட்கிறேன். தடை நீங்கினால் விலை ஏறுமா, இறங்குமா?

தடை இருக்கும் இடத்தில் வாடிக்கையாளர் கொடுக்கும் தொகையைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஐந்து பங்குகள் தெரியும். தொழிலாளியின் நேரத்துக்கும் உழைப்புக்குமான கூலி ஒன்று. கைது, அடிதடி, திருட்டு, நோய் ஆகிய ஆபத்துகளுக்கு ஈடாக அவர் கூட்டிக் கேட்பது இரண்டாவது. ஊர்ப்பேச்சுக்கும் குடும்பம் விலக்கி வைப்பதற்குமான ஈடு மூன்றாவது. தரகரும் விடுதிக்காரரும் எடுத்துக்கொள்வது நான்காவது. கண்டும் காணாமல் இருப்பதற்காகக் கொடுக்கும் மாமூல் ஐந்தாவது.

சட்டம் மாறினால் மாமூல் பெருமளவு போகும், கைது பயத்துக்கான ஈடு போகும். தரகரின் பங்கு குறையலாம், ஏனென்றால் காவல்துறையிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வாங்கிய பணத்துக்கு இனி காரணம் இல்லை. ஊர்ப்பேச்சு மட்டும் அரசிதழில் அறிவிப்பு வந்த மறுநாளே நின்றுவிடாது. இன்னொரு பக்கம் வரி, உரிமக் கட்டணம், பதிவு, மருத்துவப் பரிசோதனை, முறையான அறை வாடகை என்று புதிய செலவுகள் வந்து சேரும்.

வாடிக்கையாளருக்கும் ஒரு மறைமுகச் செலவு இருந்தது: பிடிபடும் பயம், ஏமாற்றப்படும் பயம். அது குறைந்தால் வருவோர் கூடுவார்கள், விலை மேலே போகப் பார்க்கும். தொழிலுக்குள் வருவோரும் கூடுவார்கள், விலை கீழே இறங்கப் பார்க்கும். இரண்டு இழுவையில் எது வலுவானது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒன்று மட்டும் இரண்டு வழியிலும் ஒரே திசையில் நகரும்: நடக்கும் பரிமாற்றங்களின் எண்ணிக்கை கூடும். சட்டத்தை ஆதரிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது.

நன்றாக ஆராயப்பட்ட ஓர் உதாரணம் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம். 1980ல் நடந்த ஒரு சட்டத் திருத்தத்தில், நான்கு சுவருக்குள் நடக்கும் பாலியல் தொழில் யாரும் உத்தேசிக்காமலேயே குற்றப் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனது. 2003ல் ஒரு நீதிமன்ற வழக்கில்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. 2009 நவம்பரில் மறுபடியும் குற்றமாக்கினார்கள். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கண்டது: சந்தை பெரிதானது, விலை இறங்கியது. அதே காலத்தில் மாநிலத்தில் பதிவான பாலியல் வன்முறைப் புகார்கள் சுமார் 30 சதவீதமும், பெண்களிடையே மேகவெட்டை நோய் 40 சதவீதத்துக்கு மேலும் குறைந்தன. உரிமம், பதிவு, தனி வரி எதுவுமே இல்லாமல் வெறும் தடை மட்டும் நீங்கியபோது நடந்தது இது. அதனால்தான் ஆபத்துக்கான ஈடு விலையிலிருந்து உருவப்பட்டது இங்கே துல்லியமாகத் தெரிகிறது.

கேள்வி: விலை இறங்கினால் அந்தப் பெண்களின் வயிற்றில்தானே அடிக்கிறோம்?

அப்படி முடிவு கட்டும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

தடைக் காலத்தில் விலை 100. தரகருக்கு 40, மாமூலுக்கு 10, அபராதம், பறிமுதல், பிணைச் செலவு எல்லாவற்றையும் சராசரியாகப் பிரித்தால் 8. கையில் மிஞ்சுவது 42. தடை நீங்கி விலை 85 ஆகிறது. அறைக்கு 20, வரிக்கு 12, விளம்பரத்துக்கும் மருத்துவத்துக்கும் 6. கையில் 47. விலை 15 இறங்கியும் வருமானம் 5 ஏறியிருக்கிறது.

அதே 85ஐ வைத்து ஒரே ஒரு செலவை மட்டும் மாற்றுவோம். நகராட்சி பத்தே பத்து விடுதிகளுக்குத்தான் உரிமம் என்று முடிவு செய்கிறது. அறைக்குப் போட்டி வருகிறது, வாடகை 20லிருந்து 40 ஆகிறது. கையில் 27. பழைய தரகர் போய், உரிமம் வைத்திருக்கும் விடுதிக்காரர் அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வாடிக்கையாளர் தரும் விலை மட்டும் தெரிந்தால் இந்த இரண்டு நிலைமைகளையும் பிரித்தறிய முடியாது. நாளிதழ்களில் வரும் 'விலை சரிந்தது', 'விலை உயர்ந்தது' என்ற செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வாசகரைக் கைவிடுகின்றன.

கேள்வி: சட்டபூர்வமாக்குவதும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவதும் ஒன்றுதானே? ஏன் இரண்டு பெயர்?

ஒன்றல்ல, விலைக்கு இந்த வித்தியாசம்தான் ஆணிவேர். சட்டபூர்வமாக்கினால் அரசு ஒரு வேலி போடும்: உரிமம் பெற்ற இடத்தில், பதிவு பெற்றவர், குறித்த நிபந்தனைகளின்படி செய்தால் சட்டம் அனுமதிக்கும், வேலிக்கு வெளியே செய்தால் பழையபடி குற்றம். அமெரிக்காவின் நெவாடா இந்த வகை. குற்றநீக்கத்தில் தனி வேலி இல்லை. மற்ற தொழில்களுக்கான தொழிலாளர் சட்டம், வரிச் சட்டம், கட்டட விதிகள் இதற்கும் பொருந்தும். 1995ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸும் 2003ல் நியூசிலாந்தும் போன பாதை இது.

நியூசிலாந்துச் சட்டம் 60க்கு 59 என்ற கணக்கில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. நான்கு பேர் வரை சேர்ந்து, யாருக்கும் யாரும் முதலாளியாக இல்லாமல், சொந்தமாக நடத்தினால் விடுதிச் சான்றிதழ் தேவையில்லை என்பது அதன் முக்கியப் பிரிவு. பார்வைக்குச் சிறியது, ஆனால் விடுதிக்காரர் பங்கைக் கூட்டினால் 'நாங்கள் மூவர் ஒரு வீடு எடுத்துக்கொள்கிறோம்' என்று தொழிலாளி எழுந்து போக முடிகிறது. அப்படிப் போக முடியும் என்பது தெரிந்தாலே விடுதிக்காரர் பங்கு ஒரு அளவுக்கு மேல் ஏறாது.

சட்டம் வந்தால் ஊரே இந்தத் தொழிலுக்கு வந்துவிடும், விலை பாதாளத்துக்குப் போகும் என்று அங்கேயும் பயந்தார்கள். கிரைஸ்ட்சர்ச் நகரில் 1999ல் எடுத்த மதிப்பீடு 375 பேர், 2006ல் 392 பேர்.

கேள்வி: ஜெர்மனியில் சட்டம் வந்த பிறகு விலை அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று படித்தேன். அதுவே போதுமான பாடம் இல்லையா?

பாடம் இருக்கிறது. எந்தப் பாடம் என்பதில்தான் குழப்பம்.

ஜெர்மனியின் முதல் சட்டம் 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் செல்லும் என்றது, சமூகக் காப்பீட்டில் சேர வழி திறந்தது. விடுதி நடத்துவோருக்கான கட்டுப்பாடுகளை ஏறக்குறைய வெற்றிடமாக விட்டது. 2004லும் 2007லும் ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கே விரிந்தது. வருமானம் மிகக் குறைந்த நாடுகளிலிருந்து ஏராளமான பெண்கள் சுயதொழில் செய்வோராக வந்தார்கள். அதே ஆண்டுகளில் விளம்பரம் இணையத்துக்கு மாறியது. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே பத்து இடத்து விலையை ஒப்பிட முடிந்தது. மூன்றும் சேர்ந்து விலையை அழுத்தின. சரிவு முழுவதையும் 2002 சட்டத்தின் கணக்கில் எழுதுவது தவறு.

இனி கவனிக்கவேண்டியது அறை வாடகை. அங்கே பெரிய விடுதிகளில் பரவலான முறை, தொழிலாளி நாள் வாடகைக்கு அறை எடுப்பது. வாடிக்கையாளர் ஒருவர் வந்தாலும் ஒன்பது பேர் வந்தாலும் வாடகை ஒன்றே. நாள் வாடகை 120, ஒரு வாடிக்கையாளர் தருவது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூவர் தருவது அப்படியே வாடகைக்குப் போகும், நான்காமவரிடமிருந்துதான் சம்பாத்தியம் ஆரம்பம். மாலை வரை இருவர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் கடனோடு வீட்டுக்குப் போகவேண்டும். அந்த நேரத்தில் வருகிறவர் 25 தருகிறேன் என்றால் மறுப்பது கடினம். வாடகை எப்படியும் போய்விட்ட பணம், வருவது எதுவானாலும் நஷ்டத்தைக் குறைக்கிறது. பக்கத்து அறைக்காரருக்கும் அதே நெருக்கடி. இரவு ஏற ஏற விலை இறங்குவதும், ஆணுறை இல்லாமல் என்ற பேரத்துக்கு இடம் கிடைப்பதும் இப்படித்தான். தொழிலாளிக்குத் துணிவு போதவில்லை என்று சொல்வது அறியாமை. நாள் வாடகை அவரை அங்கே கொண்டு நிறுத்துகிறது.

விடுதிக்காரருக்கு இதில் நஷ்டமே இல்லை. விலை எவ்வளவு இறங்கினாலும் அவருடைய வாடகை முழுதாக வந்துவிடுகிறது. விலை குறைந்தால் கூட்டம் கூடும், நுழைவுக் கட்டணமும் பானச் செலவும் அவருக்கே. 'ஒரு தொகை கட்டு, எத்தனை முறையும்' என்ற ஒட்டுமொத்தக் கட்டண விடுதிகள் அங்கே முளைத்ததன் பின்னணி இந்தக் கணக்குதான். வாடகை வருமானத்தில் ஒரு சதவீதமாக இருந்திருந்தால், விலை சரிவது விடுதிக்காரருக்கும் வலித்திருக்கும்.

2017 ஜூலையில் வந்த இரண்டாவது சட்டம் ஒட்டுமொத்தக் கட்டண முறையைத் தடை செய்தது. விடுதிக்கு உரிமம், தொழிலாளிக்குப் பதிவு, ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவ ஆலோசனை, 21 வயதுக்குக் கீழே இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று விதித்தது. ஆனால் பதிவு செய்தால் பெயர் எங்கே போகும், வீட்டுக்குத் தபால் வருமா என்ற பயம் பலரைத் தடுத்தது. 2019 இறுதியில் செல்லுபடியான பதிவு வைத்திருந்தவர்கள் சுமார் 40,400 பேர். தொழிலில் இருப்போராகச் சொல்லப்படும் மதிப்பீடுகள் எல்லாமே இதைப்போலப் பல மடங்கு. பதிவில்லாதவர் விடுதிக்குள் நுழைய முடியாது, வெளியில் கிடைக்கும் விலையை ஏற்கவேண்டும். சட்டம் காக்க நினைத்தவர்களில் ஒரு பகுதியை மலிவான, இருட்டான மூலைக்குத் தள்ளியதும் அதே சட்டம்தான்.

கேள்வி: வரி போட்டால் யார் தலையில் விழும்?

யார் விலகிப் போகமுடியாதோ அவர் தலையில். வாடிக்கையாளர் 'இவ்வளவு என்றால் வேண்டாம்' என்று எளிதாகப் போய்விடுவார் என்றால் தொழிலாளி வரியைத் தன் பங்கிலிருந்து கட்டுவார். பழகிய வாடிக்கையாளர்கள், தனக்கென ஒரு பெயர், முன்பதிவு என்று இருப்பவர் வரியை விலையில் ஏற்றிவிடுவார். உயர்ந்த விலைக்காரர்களிடம் வரி வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும், அடித்தட்டில் தொழிலாளியிடமே தங்கும். பக்கத்திலேயே வரி கட்டாத சந்தை இருந்தால் இது இன்னும் மோசமாகும்.

நெதர்லாந்தில் இந்தச் சேவைக்கு 21 சதவீத மதிப்புக்கூட்டு வரி. நியூசிலாந்தில் 15 சதவீதச் சரக்கு சேவை வரி, ஆனால் ஆண்டு வரவு 60,000 டாலரைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பகுதிநேரமாகச் செய்பவர் இந்த வரம்பால் தப்பிக்கிறார்.

எங்கள் கணிப்பில் மிகக் கெட்டது தலைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம். ஜெர்மனியின் பான் நகரம் 2011ல் தெருவோரத் தொழிலாளிகளுக்கு ஓர் இயந்திரம் வைத்தது. வாகனம் நிறுத்தும் சீட்டு போல இரவுக்கு 6 யூரோ போட்டுச் சீட்டு எடுக்கவேண்டும். தொகை சிறியதுதான். ஆனால் 300 சம்பாதித்தவருக்கும் 30 சம்பாதித்தவருக்கும் 6 ஒன்றே. முதலாமவருக்கு 2 சதவீதம், இரண்டாமவருக்கு 20 சதவீதம். ஒருவரும் வராத இரவிலும் 6 போய்விடும். நாள் வாடகையைப் பற்றி மேலே சொன்ன அதே நெருக்கடியை அரசே சின்ன அளவில் உண்டாக்குகிறது.

கேள்வி: ஆணுறையைக் கட்டாயமாக்கினால் வருமானம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

ஒருவர் மட்டும் வற்புறுத்தினால் குறையும், எல்லோரும் வற்புறுத்தினால் குறையாது. சட்டம் உண்மையாகவே உதவக்கூடிய இடம் இது.

மெக்சிகோவில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, ஒரே தொழிலாளி வெவ்வேறு வாடிக்கையாளரிடம் வாங்கிய விலைகளை ஒப்பிட்டது. ஆணுறை இல்லாமல் வேண்டும் என்று கேட்டவர்களிடம் சராசரியாக 23 சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள். மிக அழகானவர் என்று கருதப்பட்டவருக்கு அது 46 சதவீதம் வரை போனது, பேரம் பேசும் வலு அவருக்குக் கூடுதல் என்பதால். கொல்கத்தாவில் நடந்து 2003ல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையான எண்ணைக் காட்டியது: எப்போதும் ஆணுறை வேண்டும் என்று நின்றவர்கள், நிற்காதவர்களை ஒப்பிட 66 முதல் 79 சதவீதம் வரை வருமானம் இழந்திருந்தார்கள்.

இவ்வளவு பெரிய இழப்பு எதனால்? வாடிக்கையாளர் அடுத்த வாசலுக்குப் போய்விட முடிந்ததால். அடுத்த வாசலிலும் அதற்கடுத்த வாசலிலும் அதே பதில் கிடைத்தால் அவருக்குப் போக இடமில்லை, கூடுதல் தொகை என்ற பேரமே மறைந்துவிடும். இந்த ஒற்றுமையைத் தொழிலாளர் அமைப்பு கட்டலாம், சட்டமும் கட்டலாம். நெவாடாவின் விடுதிகளில் 1988 முதல் ஆணுறை கட்டாயம். உள்ளே எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் அங்கே அதை வைத்துப் பேரம் இல்லை.

யாரைத் தண்டிப்பது என்பதில் கவனம் வேண்டும். தொழிலாளிக்கு அபராதம் என்றால், விதியை மீறிய வாடிக்கையாளர் மேல் அவர் ஒருநாளும் புகார் கொடுக்கமாட்டார். ஜெர்மனியின் 2017 சட்டம் இதைச் சரியாகச் செய்தது. அபராதம் வாடிக்கையாளருக்கு மட்டும், உச்ச வரம்பு 50,000 யூரோ. அங்கே தொழிலாளி 'சட்டப்படி உங்களுக்குத்தான் சிக்கல்' என்று சொல்லிப் பேரத்தை முடித்துவிடலாம். நியூசிலாந்தில் இரு தரப்புக்கும் 2,000 டாலர் வரை அபராதம் உண்டு. அந்தச் சட்டத்தில் எங்களுக்கு உடன்பாடில்லாத இடம் அது.

கேள்வி: உரிமத்தை எண்ணி எண்ணிக் கொடுத்தால் தொழில் கட்டுக்குள் இருக்கும், விலையும் நன்றாக இருக்கும் அல்லவா?

விலை நன்றாக இருக்கும், விடுதிக்காரருக்கு.

நெவாடாவில் மக்கள்தொகை 7 லட்சத்துக்கு மேல் உள்ள மாவட்டங்களில் விடுதி உரிமமே கிடையாது. அதனால் லாஸ் வேகாஸ் அமைந்த கிளார்க் மாவட்டம் முழுதும் விலக்கு. மாநிலம் முழுவதும் சுமார் 20 விடுதிகள், பெரும்பாலும் ஊருக்கு வெளியே வெகுதொலைவில். விலையில் பாதி விடுதிக்கு என்பதே அங்கே வழக்கம். தங்கும் செலவு, வாரந்தோறும் பரிசோதனைச் செலவு எல்லாம் தொழிலாளியின் பாதியிலிருந்து. இவ்வளவையும் சுமக்கும் விலை உயர்ந்துதான் இருக்கும். அதன் விளைவாக, பணம் புழங்கும் லாஸ் வேகாஸில் சட்டவிரோதச் சந்தை அமோகமாக நடக்கிறது. சட்டத்துக்கு உட்பட்ட விலைக்கும் உட்படாத விலைக்கும் இடைவெளி விரிய விரிய, வேலிக்கு வெளியே இருக்கும் கூட்டம் பெருகும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 1999ல் உரிம முறையைக் கொண்டுவந்தது. ஒரு விடுதிக்கு அதிகபட்சம் 5 அறை, கடுமையான நிபந்தனைகள். இருபத்தைந்து ஆண்டுகளில் உரிமம் பெற்று நடந்தவை 20ஐ ஒட்டியே நின்றன. தனியாகச் செய்வது சட்டப்படி சரி, ஆனால் பாதுகாப்புக்காக இரண்டு பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்தால் அது உரிமமில்லா விடுதி, குற்றம். செலவைப் பங்கு போடும் வழியையும் காவலுக்கு ஒரு துணையையும் ஒரே பிரிவு பறித்தது. 2024 ஆகஸ்டில் அந்த முறையையே கைவிட்டுக் குற்றநீக்கத்துக்குப் போனார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் வேறு வகை. அங்கே தொழிலாளிகள் தெருவைப் பார்த்த கண்ணாடிச் சன்னல் அறைகளை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்தே வாடிக்கையாளரை அழைப்பார்கள். 2007க்குப் பிறகு நகராட்சி சிவப்பு விளக்குப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட சன்னல்களை மூடியது. குற்றக் கும்பலை ஒடுக்குவது நோக்கம். சன்னல்கள் குறைந்தபோது, ஒரு முறைப்பணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குவோர் கைதான் ஓங்கியது.

கேள்வி: குறைந்தபட்ச விலை ஒன்றை அரசே அறிவித்துவிட்டால் என்ன?

நல்ல எண்ணத்தில் பிறக்கும் யோசனை, நடைமுறையில் நிற்காது. சேவை ஒரே மாதிரி அல்ல, நேரம் ஒரே அளவு அல்ல, பணம் ரொக்கமாகக் கைமாறுகிறது, நான்கு சுவருக்குள் என்ன விலை பேசினார்கள் என்பதைச் சரிபார்க்க வழியில்லை. சரிபார்க்க முயன்றால் அதிகாரிக்கு மறுபடியும் கதவைத் தட்டும் உரிமை வரும், பின்னாலேயே மாமூலும் வரும்.

விலைக்கு அடித்தளம் போடுவதைவிட வாடகைக்குக் கூரை போடுவது பலன் தரும். வாடகை எழுத்தில் இருக்கவேண்டும். வருமானம் இல்லாத நாளில் முழு வாடகை கேட்கக் கூடாது. விடுதிக்குள் தாமதத்துக்கு, உடைக்கு, வாடிக்கையாளரை மறுத்ததற்கு என்று அபராதம் போடுவதைத் தடை செய்யவேண்டும். கடன் கொடுத்து வாடகையோடு சேர்த்துப் பிடிப்பதைத் தடுக்கவேண்டும். கட்டடமும் கணக்குப் புத்தகமும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள். அவற்றைச் சோதிக்கப் படுக்கையறைக்குள் போகவேண்டியதில்லை.

கேள்வி: ஸ்வீடனைப் போல வாங்குபவரை மட்டும் தண்டித்தால் விலை எப்படிப் போகும்?

ஸ்வீடன் 1999ல் தொடங்கியது. நார்வே 2009லும் பிரான்ஸ் 2016லும் தொடர்ந்தன. கோட்பாட்டளவில் பார்த்தால் தேவை குறையும், விலை இறங்கும். தொழிலாளிக்குத் தண்டனை இல்லாததால் அவர் தரப்பில் விலையை உயர்த்தும் காரணம் குறைவு. சந்தையைச் சுருக்கவேண்டும் என்பவர்களுக்கு இது வெற்றி. வேறு வருமானம் இல்லாமல் தொழிலிலேயே இருப்பவருக்கு, அதே நேரத்தில் குறைந்த விலை.

விலையில் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. பிடிபடப் பயப்படுகிற வாடிக்கையாளர் பெயர் சொல்லமாட்டார், சொந்த எண்ணிலிருந்து அழைக்கமாட்டார், தெருவில் நின்று பேசமாட்டார். வருபவர் எப்படிப்பட்டவர் என்று எடைபோடத் தொழிலாளிக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடம் சில நொடிகளாகச் சுருங்குகிறது. சாதுவானவர்கள்தான் முதலில் விலகுவார்கள், சட்டத்துக்கு அஞ்சாதவர் தொடர்ந்து வருவார். வட அயர்லாந்தில் 2015ல் வந்த இதே வகைச் சட்டத்தைப் பற்றி 2019ல் வெளியான மதிப்பீடு, தேவை குறைந்ததற்குச் சான்று இல்லை என்றே சொன்னது.

கேள்வி: விலை குறைந்து சந்தை பெரிதானால் ஆள்கடத்தல் கூடாதா?

கூடலாம். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையில்லை. 2013ல் வெளியான, 150 நாடுகள் வரை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, தொழிலைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் ஆள்கடத்தல் வரவு கூடுதலாகப் பதிவாகிறது என்றது. அதன் தர்க்கம் எளிது. சந்தை பெரிதாகும்போது எல்லா வகை ஆட்களுக்கும் தேவை கூடும். மறுபுறம், சட்டப்படி வேலை செய்வோர் கிடைக்கும்போது கடத்தப்பட்டோரை நாடவேண்டிய தேவை குறையும். முதல் விளைவு பெரிதாக இருந்தது என்பது ஆய்வாளர்கள் கண்டது. ஆனால் கடத்தலை எண்ணும் தரவு பலவீனமானது. தேடும் நாட்டில் அதிகம் கிடைக்கும், தேடாத நாட்டில் பூஜ்யம் என்று பதிவாகும்.

விலை வழியாகப் பார்த்தால் கவனிக்கவேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. ஒரு பகுதியில் விலை, அறை வாடகையையும் சாப்பாட்டையும்கூட ஈடுகட்டாத அளவுக்கு நாள்கணக்கில் நின்றால், அங்கே இருப்பவர்கள் தங்களுக்காகச் சம்பாதிக்கவில்லை என்று சந்தேகிக்கவேண்டும். சொந்தமாக முடிவெடுப்பவர் அந்த விலைக்கு நீண்ட நாள் நிற்கமாட்டார். குடியேறிகளுக்கு வேலை உரிமை மறுப்பதும் இதே பள்ளத்தில் தள்ளும். நியூசிலாந்துச் சட்டத்தின் 19வது பிரிவு தற்காலிக விசாவில் வந்தவர்கள் இத்தொழில் செய்வதைத் தடுக்கிறது. கடத்தலைத் தடுக்கும் நோக்கில் வைத்த பிரிவு. ஆனால் அப்படி வந்து செய்பவர் ஏமாற்றப்பட்டால் புகார் கொடுக்கமுடியாது, கொடுத்தால் நாடு கடத்தல். அவருக்கு விலையை எதிராளிதான் சொல்வார்.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காகச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் விலையை ஒப்பிட விரும்புகிறேன். எங்கே தவறு நேரும்?

முதலில் எதை விலை என்று எடுக்கிறீர்கள் என்று தீர்மானியுங்கள். விளம்பர விலை வேறு, பேரம் முடிந்து கைமாறிய விலை வேறு. மணிக்கு எவ்வளவு என்பது வேறு, ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு என்பது வேறு. கைமாறிய விலை, எடுத்த நேரம், இடம், ஆணுறை, யாருக்கு எவ்வளவு பங்கு போனது, ஐந்தையும் சேர்த்தே கேளுங்கள். 'போன மாதம் சராசரியாக எவ்வளவு' என்ற கேள்விக்கு வரும் பதிலை நம்பாதீர்கள். 'கடைசியாக வந்த மூன்று பேர்' என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் நினைவு துல்லியமாக இருக்கும்.

பெரிய குழி, ஆட்கள் மாறிவிடுவது. தடைக் காலத்தில் துணிந்து நின்றவர்களும், தடை நீங்கியபின் புதிதாக வந்தவர்களும் வேறு வேறு. அனுபவம் குறைந்த புதியவர்கள் குறைந்த விலைக்குத் தொடங்கினால் சராசரி இறங்கும், பழையவர்களில் ஒருவரின் விலைகூட மாறாமலேயே. ஆகவே ஒரே நபரை இரு காலத்திலும் பின்தொடர்ந்த தரவு இருந்தால் அதைத் தனியே பிரித்துப் பாருங்கள். விலைவாசி ஏற்றத்தைக் கழியுங்கள். அதோடு, சட்டம் மாறாத பக்கத்து மாநிலத்தில் அதே காலத்தில் விலை எப்படிப் போனது என்பதையும் எடுங்கள். இரண்டிலும் 10 சதவீதம் இறங்கியிருந்தால் உங்கள் சட்டத்தின் பங்கு பூஜ்யம்.

பெயர், முகவரி, கைப்பேசி எண் எதையும் எழுதாதீர்கள். குறிப்பேடு தொலைந்தால் ஒருவரின் வாழ்க்கை தொலையும். பேட்டிக்கு எடுத்துக்கொண்ட நேரத்துக்கு ஈடு கொடுங்கள், அது அவருடைய வேலை நேரம்.

கேள்வி: விலையைத் தவிர வேறு எதைப் பார்த்தால் சட்டம் வேலை செய்கிறதா என்று தெரியும்?

மறுக்க முடிகிறதா என்று பாருங்கள். நியூசிலாந்துச் சட்டத்தின் 17வது பிரிவு, பேசி முடித்த பிறகும், பணம் வாங்கிய பிறகும்கூட ஒருவர் மறுக்கலாம் என்கிறது. பணத்தைத் திருப்பித் தரவேண்டி வரலாம், ஆனால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் கேட்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், முன்பைவிட இப்போது மறுப்பது எளிது என்றார்கள். 2014ல் அந்த நாட்டின் மனித உரிமைத் தீர்ப்பாயம், விடுதி நடத்தியவர் ஒரு தொழிலாளியிடம் பாலியல் தொல்லையாகப் பேசியதற்காக 25,000 டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பாலியல் விடுதி என்றால் அந்தப் பேச்சும் வேலையின் பகுதிதான் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

மறுக்கும் உரிமைக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. போக வேறு இடமும், அன்றைய வாடகைக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத நிலையும் இருப்பவர்தான் 'இந்த விலைக்கு முடியாது' என்று சொல்வார். பெல்ஜியம் 2022ல் குற்றநீக்கம் செய்து, 2024 டிசம்பர் முதல் முறையான வேலை ஒப்பந்தத்தையும் அனுமதித்தபோது, வாடிக்கையாளரை மறுக்கும் உரிமையை அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதியது. மறுத்ததற்காக வேலையை விட்டு நீக்கமுடியாது.